காகம் பாடும் பறவையா?

(சிதம்பரத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையிலிருந்து)



பங்குனி, சித்திரையில் கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளி வேப்பமரங்களில் குயில் கூவும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நமக்குக் குரல்வளை அங்கேதான் இருக்கிறது. பறவைக்கும் குரல்வளை உண்டு. ஆனால் அது மூச்சுவழியைக் காப்பதோடு சரி. ஒலி பிறப்பது மார்புப் பக்கம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். அங்குள்ள உறுப்புக்கு ‘சிரிங்ஸ்’ என்று பெயர்.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளி அதிர்கிறது, குழல் அந்த அதிர்வுக்கு வலுவும் நிறமும் தருகிறது. பறவைக்குச் சீவாளி குழலின் அடியில் இருக்கிறது. குருவி, மைனா போன்றவற்றுக்குக் கிளைக்கு ஒன்றாக இரண்டு! நுரையீரலிலிருந்தும் காற்றுப்பைகளிலிருந்தும் வெளியேறும் காற்று, மெல்லிய சவ்வுகளை அதிரச் செய்கிறது. தசைகள் சவ்வை இறுக்கினால் சுருதி ஏறும். இரு பக்கத் தசைகளுக்கும் தனித்தனி நரம்பு என்பதால், ஒரே சமயத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும் பறவைகளும் உண்டு. நம் வித்வான்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி. கேனரி பறவையோ ஒவ்வொரு சிற்றொலிக்கு நடுவிலும் ஒரு குட்டி மூச்சு இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் நிறுத்தாமல் பாடுவதாக நமக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒரு சிக்கல். உயிரியல் வகைப்பாட்டில் குயில் ‘பாடும் பறவை’ இல்லை. காகம் பாடும் பறவை! சிட்டுக்குருவி, தேன்சிட்டு, குண்டுகரிச்சான் எல்லாம் காகத்தின் கூட்டம். சிரிங்ஸைச் சுற்றிய தசை அமைப்புதான் முக்கிய அடையாளம். குரல் இனிமை கணக்கில் வராது. இந்தக் கூட்டத்துக் குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாட்டைப் பழகுகின்றன. குயிலுக்கு அந்தப் பாடம் தேவையில்லை. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் ஆண்குயில் பெரிதானதும் தன் இனத்தின் கூவலையே கூவுகிறது.

ஆகவே ‘பாடும் பறவைக்கு எடுத்துக்காட்டு தருக’ என்ற வினாவுக்குக் காகம் என்று ஒரு பிள்ளை எழுதினால், சிவப்பு மையை எடுக்காதீர்கள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேளுங்கள்.

வகுப்பில் செய்து காட்ட இரண்டு பலூன் போதும். ஊதிய பலூனின் வாயை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் கீச்சிடும். இன்னும் இழுத்தால் சுருதி ஏறும். இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு இழுவையில் சேர்ந்து செய்தால் இரட்டைக் குரல். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.