மாரிக் குளிரும் கொல்லைப் பூச்சிகளும்

(கிராம ஐக்கிய நாணய சங்கக் கூட்டமொன்றில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கணக்குப் புஸ்தகம் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் கம்பளிப்புழுவைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நான் பூச்சி சாஸ்திரம் கற்றவனல்லன். மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பும் எனக்கில்லை. விவசாய இலாகாவினரிடம் கேட்டறிந்தவற்றையும், கொல்லைகளில் நானே கண்டவற்றையுமே சொல்லப்போகிறேன். இவ்விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டானது என் சொந்தப் பிழை ஒன்றினால். ஆதலால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் விதவையான அம்மாள் ஒருவர் பங்குனித் தவணையைக் கட்டத் தவறினார். கொல்லையிலுள்ள நான்கு முருங்கை மரங்களின் காயைச் சந்தையில் விற்றே அவர் தவணை செலுத்தி வந்தவர். காரணம் கேட்டபோது, "மார்கழியிலே கம்பளிப்புழு தின்றுவிட்டது, ஐயா; பூவே வைக்கவில்லை" என்றார். மார்கழிப் புழுவுக்கும் பங்குனித் தவணைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணி, "சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதன்று" எனக் குறிப்பெழுதி, மேல் நடவடிக்கைக்குச் சிபார்சும் செய்தேன். அவர் கன்றுக்குட்டியை விற்றுப் பணத்தைக் கட்டினார். அடுத்த மார்கழியில் வேறு காரியமாக அத்தெருவுக்குப் போனபோது அவருடைய கொல்லையைப் பார்த்தேன். மரங்களில் இலை இல்லை. அடிமரத்தில் இடைவெளியின்றிப் புழு அப்பிக்கிடந்தது. என் குறிப்பு புஸ்தகத்தில் அப்படியே இருக்கிறது. கன்று திரும்பி வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிகளுக்கு நம்மைப்போல் தம் உடம்பின் சூட்டைத் தாமே ஒரே நிலையில் காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. வெளியில் எவ்வளவு உஷ்ணமோ ஏறக்குறைய அவ்வளவே அவற்றின் உடம்பிலும் இருக்கும். குளிர் தேசங்களில் உறைபனி விழுந்து அவற்றில் பெரும்பங்கைக் கொன்றுவிடுகிறது. அங்கேயும் குளிர் குறைந்த ஆண்டில் கதை வேறு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் 1964 முதல் உயர்ந்த குழாய்களால் காற்றை உறிஞ்சி, அதில் அகப்படும் அசுவினிகளை எண்ணி வருகின்றனர். மாரிக்காலம் ஒரு டிகிரி வெதுவெதுப்பாயிருந்தால், உருளைக்கிழங்கைத் தாக்கும் ஒருவகை அசுவினி ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே பறக்கத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

நம் சமவெளியிலோ உறைபனி என்பதே கிடையாது. இங்கே பூச்சிகளை அடக்குவது கோடையின் வறட்சிதான். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்கிறது. அப்பொழுது மண்ணில் ஈரமும், மரத்தில் தளிரும், உடம்புக்கு இதமான மிதக்குளிரும் ஒன்றுசேர்கின்றன. நமக்கு இதமானது புழுவுக்கும் இதமே. மழை தை வரையில் நீண்டுவிட்டால் அதற்கு அது கூடுதல் வாய்தா கொடுத்ததுபோல.

முருங்கைக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்வோம். மண்ணில் கூட்டுப்புழுவாய்க் கிடந்தது மழை பெய்ததும் மங்கிய மஞ்சள் நிறமுள்ள பெரிய அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. அது இலையிலும் இளந்தண்டிலும் கூட்டங்கூட்டமாக முட்டையிடும். புழுக்கள் இரவில் மேலேறி இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் ஒன்றாய்க் கூடிப் பட்டையைச் சுரண்டிக்கொண்டு கிடக்கும். அவை இப்படிக் கூடுவதுதான் நமக்கு வாய்த்த நல்ல சமயம். பலர் தீப்பந்தத்தால் சுடுகிறார்கள்; பயன் உண்டு. ஆனால் பந்தத்தை ஒரே இடத்தில் பிடித்தால் பட்டை வெந்துவிடும், பக்கத்தில் கூரை வீடு இருந்தால் அதைச் சொல்லவே வேண்டாம். நான் விரும்புவது, கையைத் துணியால் மூடிக்கொண்டு, பழைய துடைப்பத்தால் புழுக்களைச் சோப்புத் தண்ணீருள்ள வாளியில் தள்ளுவது. மயிர் பட்டால் உடம்பு அரிக்கும். குழந்தைகளை இவ்வேலைக்கு அனுப்பவேண்டாம். முதல் மழைக்குப் பின் இரவில் விளக்கொன்றை வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் அந்துப்பூச்சிகளே வந்து விழும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்துத் தெளிப்பது இளம்புழுவுக்கு ஏற்றது. பெரிய புழு அதற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை.

அடுத்தது ஆப்பிரிக்கப் பெருநத்தை. இது நம் நாட்டுப் பிராணியன்று. 1847ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொணர்ந்து கல்கத்தாத் தோட்டமொன்றில் விட்டார். இலங்கைக்கு 1900இல் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாயிருப்பதால் எந்த நத்தையும் முட்டையிடும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரையில் இடக்கூடும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். ஈரம் வந்ததும் எழுந்து கீரை, பப்பாளி, வாழைக்கன்று எல்லாவற்றையும் இரவில் தின்னும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருப்பதால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டும். உங்கள் சுவரில் விடியற்காலையில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது யார் கைவேலை என்று அறிந்துகொள்ளலாம்.

இதற்கு நனைத்த சாக்கின்மேல் பப்பாளி இலையைப் பரப்பி மாலையில் வைத்துவிட்டால், காலைக்குள் நத்தைகள் அதன்கீழ் ஒதுங்கும். அவற்றை உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்று ஆழப் புதைக்கவேண்டும். செடியடியில் உப்பைத் தூவுபவர்கள் மண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மனிதனுடைய மூளையைத் தாக்கும் நுண்புழு ஒன்று நத்தையில் இருக்கக்கூடுமாகையால் வெறுங்கையால் தொடாதீர்கள். கீரையை நன்றாய்க் கழுவிச் சமையுங்கள். செம்போத்து இந்நத்தையைத் தின்னும் பறவை. மருந்துக்கென்று அதை வேட்டையாடுபவர்கள் நத்தைக்குத் துணை செய்பவர்களாவர்.

தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அது பெருகுவது நம் எருக்குழியில். மாரி முடிந்தவுடன் குழியைக் கிளறினால் வெள்ளைப் புழுக்கள் வெளியே வரும். மீதியைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும்.

இவையெல்லாம் ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பிரயோஜனமே. அந்துப்பூச்சியும் நத்தையும் வேலி பார்ப்பதில்லை. ஆகையால் ஒரு தெருவார் ஒரே வாரத்தில் செய்யவேண்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது சங்கமே விதையை விலைக்கு வாங்கி, நிழலில் உலர்த்தி, ஐப்பசியில் அடக்க விலைக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. தீர்மானப் புஸ்தகத்தில் எழுத இன்றைக்கே இடமிருக்கிறது.

பஞ்சாயத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சியால் தவணை தவறினேன் என்று ஒருவர் சொன்னால், இருவர் போய்க் கொல்லையைப் பார்த்துவிட்டு, கண்டதைத் தேதியோடு எழுதுங்கள். புழு இருக்கும் மாதத்திலேயே பார்த்து எழுதிவைத்தால், பங்குனியில் வாய்தா கொடுக்க அதுவே ஆதாரமாகும். என் போன்ற இன்ஸ்பெக்டர்களும் அதைத் தள்ள முடியாது.

பொழுது சாய்ந்துவிட்டது, தூறலும் நின்றிருக்கிறது. அக்கிராசனரவர்கள் தம் மாட்டுக்கொட்டிலின் பின்புறத்தைப் பார்வையிட அனுமதி தந்திருக்கிறார்கள். விளக்கு இரண்டு போதும். உப்புத் தண்ணீர் வாளியை மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.