காலியாக விட வேண்டிய இடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால் என்ன?' என்று கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்பார்கள். 'அதை வைத்து ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது சார்' என்று நீங்களும் டக்கென்று சொல்லி விடுவீர்கள். விடை சரிதான். ஆனால் ஆப்ஜெக்டே உருவாக்க முடியாத ஒன்றை எதுக்குங்க எழுதணும்?

நான் பார்த்த ஒரு சங்கதி சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு நிதி நிறுவனத்தின் டெபாசிட் புரோகிராம். 'கணக்கு' என்று ஒரு தாய் கிளாஸ். சேமிப்பு, வைப்பு நிதி, தொடர் வைப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். எல்லாக் கணக்குக்கும் பொதுவான வட்டி என்று ஒன்று கிடையாதே! அதனால் தாய் கிளாஸை எழுதியவர், வட்டி மெத்தட்டில் பூஜ்யம் என்று போட்டு வைத்தார். பிள்ளைகள் மாற்றி எழுதிக் கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான். சில வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு மூத்த குடிமக்களுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. அந்தக் கிளாஸை எழுதிய பையனிடம் வட்டி மெத்தட்டை எழுதணும்னு யாரும் சொல்லலை. கம்பைலரும் சொல்லலை. டெஸ்டிங்கில் கணக்கு திறந்தது, பணம் ஏறியது, ரசீது வந்தது. காலாண்டு முடிவில் அத்தனை பெரியவர்களுக்கும் வட்டி பூஜ்யம். எர்ரர் மெசேஜ் ஒன்று கூட இல்லை! பாஸ்புக்கோடு கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். மருந்துச் செலவுக்கு அந்த வட்டியைத்தான் நம்பியிருந்தாராம்.

வைத்தியம் ஒரே வார்த்தை. அந்த மெத்தட்டின் உள்ளே இருந்ததை எடுத்து விட்டு, கிளாஸுக்கும் மெத்தட்டுக்கும் முன்னால் அப்ஸ்ட்ராக்ட் என்று போட்டார்கள். அடுத்த கம்பைலில் அந்தக் கிளாஸ் மாட்டியது. கூடவே, யாரும் கவனிக்காத இன்னொரு கிளாஸும் மாட்டியது.

இது ஜாவா. சி பிளஸ் பிளஸ்ஸில் இந்த வசதி 1989-ல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அங்கே வார்த்தை கிடையாது, '= 0' என்று போடணும். வெளியீடு நெருங்கிவிட்ட நேரத்தில் புதுச் சொல் சேர்க்க விட மாட்டார்கள் என்பதால் அப்படிச் செய்ததாக ஸ்ட்ரூஸ்ட்ரப்பே எழுதியிருக்கிறார். நம்ம பிராஜெக்ட் டெட்லைன் மாதிரிதான்!

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்றால் எல்லாமே காலி என்று நினைத்து விடாதீர்கள். ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீமைப் பாருங்கள். ஒரே ஒரு பைட் படிக்கும் 'ரீட்' மட்டும்தான் அதில் அப்ஸ்ட்ராக்ட். மொத்தமாகப் படிக்கும் இன்னொரு 'ரீட்' முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. அது அந்தச் சின்ன 'ரீட்'டையே திரும்பத் திரும்பக் கூப்பிடும். நீங்கள் ஒன்றை எழுதினால் போதும், மற்றது இனாம். ஆனால் 8,192 பைட் வேண்டுமென்றால் 8,192 தடவை கூப்பிடும். வேகம் வேண்டுகிறவர் அதையும் மாற்றி எழுதிக் கொள்ள வேண்டியதுதான்.

இன்டர்ஃபேஸில் மெத்தட்டுக்கு உடம்பே இருக்காது என்று சில கைடுகளில் இருக்கும். 2014-ல் ஜாவா 8 வந்ததிலிருந்து அது தப்பு. இன்றைக்கு முக்கிய வித்தியாசம், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் உரிய ஃபீல்டும் கன்ஸ்ட்ரக்டரும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் இருக்கலாம், இன்டர்ஃபேஸில் முடியாது. அதே போல தாய் ஒன்றுதான், இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும்.

இன்னொன்று. பிள்ளை ஒன்றே ஒன்று இருக்கும்போதே தாயைக் கட்டி வைக்காதீங்க. இரண்டு மூன்று கிளாஸ் எழுதின பிறகுதான் எது பொது என்பதே தெரியும்.

பைதான் படிக்கிற தம்பிகள் ஒரு விஷயம் கவனிக்கணும். அங்கே முன்கூட்டியே தடுக்கிற கம்பைலர் இல்லை. ஆப்ஜெக்டை உருவாக்கும் நொடியில்தான் எர்ரர் வரும். அதனால் ஒவ்வொரு கிளாஸையும் டெஸ்டில் ஒரு தடவையாவது உருவாக்கிப் பாருங்கள். சாப்பாட்டுக்கு மணி அடித்து விட்டது. கேள்வி இருக்கிறவங்க பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.