கற்கும் பிள்ளைக்குத் தங்கும் இடம்



‘பள்ளி’ என்ற தமிழ்ச் சொல்லுக்குப் படுக்கை, உறைவிடம், சமண முனிவர் தங்கிய இடம், கல்வி கற்கும் இடம் என்று பல பொருள்கள் உண்டு. தங்குவதையும் கற்பதையும் ஒரே சொல்லில் சேர்த்து வைத்த மொழி இது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் முனிவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அத்தகைய பல குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடியும் வெட்டப்பட்டிருக்கும். பாறையை வழவழப்பாக்கிக் கொடுத்தால் போதும் என்று அந்த அறத்தைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. அங்கே தங்கப் போகிறவருக்கு மழைக்காலத்தில் என்ன நேரும் என்பதை வெயில் நாளிலேயே எண்ணிப் பார்த்தார்கள். இன்று படிக்கும் பிள்ளைக்கு நகரத்தில் அறை தேடும் பெற்றோருக்கும் அந்தக் கவனமே வேண்டும்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் உயர்கல்விக்காகச் சென்னைக்குச் செல்கின்றனர். எல்லோருக்கும் கல்லூரி விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உணவோ சூழலோ ஒத்துவராமல், இரண்டாம் ஆண்டில் வெளியே அறை எடுப்போர் பலர். சேர்க்கைக்குப் பல மாதம் திட்டமிடும் குடும்பம், தங்கும் இடத்தை ஒரே பகற்பொழுதில் முடிவு செய்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்புகிறது. பிள்ளை அடுத்த சில ஆண்டுகளைக் கழிக்கப் போகும் இடம் அந்த ஒரு பகலில் தீர்மானமாகிவிடுகிறது.

‘பாதுகாப்பான இடம்’ என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் சொல்லும் அடையாளங்கள் நான்கு: பெரிய இரும்புக் கதவு, வாசலில் காவலர், சைவ வீடு, அருகில் ஓர் உறவினர். நான்கும் நல்லவையே. ஆயினும் இவை வீட்டைப் பற்றியவை. பிள்ளைக்குத் துன்பம் நேரக்கூடிய இடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்திற்கும் வாசற்படிக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டரை யாரும் நடந்து பார்ப்பதில்லை. இவ்வுரை வலியுறுத்த விரும்புவது அதனை நடந்து பார்க்க வேண்டும் என்பதையே.

ஒரு தந்தையும் மகளும் அறை தேடி வந்திருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். மகள் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். தரகர் காலை பதினொரு மணிக்கு ஓர் அறையைக் காட்டுகிறார். அகலமான தெரு, மரநிழல், மாடியில் காற்றோட்டமான அறை. வாடகையும் கைக்கு அடக்கமே. தந்தை முன்பணம் கொடுக்கப் பையைத் திறக்கிறார். மகள் தடுத்து, “இரவு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் அப்பா” என்கிறாள். இரவு எட்டரை மணிக்கு இருவரும் நிலையத்தில் இறங்கி நடக்கின்றனர். காலையில் அகலமாகத் தெரிந்த தெருவில் ஒருபுறம் முழுவதும் நீண்ட சுற்றுச்சுவர். திறந்த கடை ஒன்றுமில்லை. மூன்று விளக்குக் கம்பங்களில் ஒன்று மட்டும் எரிகிறது.

“காலையில் நல்ல தெருவாகத்தானே அம்மா இருந்தது?” என்கிறார் தந்தை.

“ஆய்வுக்கூடம் முடிந்து நான் வரப்போகும் நேரம் இதுதானே அப்பா” என்கிறாள் மகள்.

அந்த அறை வேண்டாம் என்று முடிவு செய்ய அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. ஓர் இரவு தங்கும் செலவும் ஒரு நாள் அலைச்சலும் அவர்களை ஓராண்டு அச்சத்திலிருந்து காத்தன.

அந்த நடையில் கவனிக்க வேண்டியவை சில. இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும் மருந்துக் கடை, தேநீர்க் கடை, இஸ்திரி வண்டி ஆகியவை ஒரு தெருவின் கண்கள். தெருவைப் பார்த்த சன்னல்களில் வெளிச்சமும், வாசலில் அமர்ந்து பேசும் குடும்பங்களும் இருந்தால் அது நல்ல அறிகுறி. நெரிசலான தெரு என்று பெற்றோர் ஒதுக்கும் இடம் பல வேளைகளில், வசதி மிக்கவர் வாழும் அமைதியான தெருவைவிடப் பாதுகாப்பானதாக இருக்கும். அமைதியான தெருவில் குரல் கொடுத்தால் கேட்க யாரும் வெளியில் இருப்பதில்லை.

சென்னையின் போக்குவரத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பறக்கும் ரயில் செலவு குறைந்தது. கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், தரமணி எனக் கல்வி நிலையங்களை ஒட்டியே செல்கிறது. ஆனால் அதன் நிலையங்கள் பல மிகப் பெரிய கட்டடங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் அவற்றின் படிக்கட்டுகளும் நடைவழிகளும் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே ‘நிலையத்திற்கு அருகில்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பலாகாது. நிலையத்தின் எந்த வாசல் இரவில் திறந்திருக்கும், அங்கிருந்து சாலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும், ஷேர் ஆட்டோ எதுவரை வரும், கடைசிப் பேருந்து எப்போது என்பவற்றை நேரில் அறிய வேண்டும்.

அடுத்தது நீர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணைப் பகுதியிலும் நாட்கணக்கில் நீர் வடியவில்லை. மின்சாரமும் குடிநீரும் இன்றி மக்கள் தவித்தனர். இப்பகுதிகளில் அறை எடுக்கவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. ஒரே பகுதியில் மேடான தெருவும் உண்டு, பள்ளமான தெருவும் உண்டு. எதிர்வீட்டு முதியவரையோ பெட்டிக்கடைக்காரரையோ, “வெள்ளத்தில் இங்கே எதுவரை தண்ணீர் வந்தது?” என்று கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டிவிடுவார். தரகர் அதைச் சொல்லமாட்டார். பள்ளமான தெருவில் தரைத்தளத்து அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே நன்று.

தெரு நிறைவளித்த பின்னரே கட்டடத்தைப் பார்க்க வேண்டும். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உறுதியாக உள்ளதா, சன்னலுக்குக் கம்பி உண்டா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா, எரிவாயு உருளை படிக்கட்டின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறதா, மின்கம்பிகள் வெளியே தொங்குகின்றனவா என்று பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிச் சேப்பாக்கத்தில் படிக்கும் மாணவர்கள் பல தலைமுறையாக உள்ளனர். இரவு முழுதும் உயிர்ப்புள்ள தெருக்கள் அவை. அங்கே தெருவைவிடக் கட்டடத்தின் படிக்கட்டையும் மின்னிணைப்பையுமே கூர்ந்து நோக்க வேண்டும். பெண்கள் விடுதியாயின், 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டுமாறு கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. காட்டத் தயங்கும் விடுதியை விட்டு விலகுவதே முறை.

எழுத்தில் இல்லாத ஏற்பாடு பிள்ளையை வலுவற்ற இடத்தில் நிறுத்தும். நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டு உரிமையாளர் அறையைப் பார்வையிட விரும்பினால் 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். இந்தக் கடைசி விதியை மாணவிகள் அனைவரும் அறிந்திருத்தல் நலம். உரிமையாளரிடம் உள்ள மாற்றுச் சாவி எப்போது பயன்படும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். நேரில் பாராத அறைக்குக் கைப்பேசி வழியாக முன்பணம் அனுப்பலாகாது. ஏமாற்றப்பட்டது தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

இனி, இந்த அவைக்கே உரிய ஒரு சிக்கல். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுள்ள குடும்பங்கள், பிள்ளையின் உணவு நெறி தவறாத வீட்டையே முதலில் தேடுகின்றன. அந்தத் தேடல் மதிக்கத்தக்கது. ஆனால் நவம்பர் இறுதியில் சென்னையில் மாலை 5.40 அளவில் கதிரவன் மறைந்துவிடும். நாலரை மணிக்கு வகுப்பு முடியும் மாணவர் ஒரு மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்து அந்தச் சைவ வீட்டை அடைவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். நெறிக்காகத் தேடிய வீடே நெறியைக் காக்க முடியாததாகிவிடும். இருளில் நீண்ட நடையும் கூடுதலாக வந்து சேரும். வளாகத்திற்கு அருகில், விளக்கு வெளிச்சமுள்ள தெருவில் அறை எடுத்துவிட்டு, வெங்காயம், பூண்டு, கிழங்கு இன்றி மாலை ஐந்து மணிக்கு உணவு தரும் சமையல்காரர் ஒருவரையோ, சிறிய அடுப்பு வைத்துக்கொள்ள இசையும் வீட்டு உரிமையாளரையோ தேடுவது எளிது. உணவை இடத்திற்குக் கொண்டுவரலாம். தெருவை மாற்ற இயலாது.

மகன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகளுக்கு நூறு கேள்வி கேட்கும் பெற்றோர், மகனை “ஆண்பிள்ளைதானே” என்று நான்கு நண்பர்களோடு ஏதோ ஒரு வீட்டில் விட்டுவிடுகின்றனர். வழிப்பறியும், போதைப் பொருள் விற்போரின் வலையும், மூத்த மாணவர்களின் கேலிவதையும் ஆண்பிள்ளைகளையும் தேடி வருகின்றன. வளாகத்திற்கு வெளியே நிகழும் கேலிவதைக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் பொருந்தும். 1800-180-5522 என்ற எண்ணில் முறையிடலாம். உடன் தங்குவோர் யாவர், அவர்களின் வீட்டார் யாவர் என்பதை மகனின் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

இவை அனைத்தையும் செய்த பின்னும் துன்பம் நேரலாம். 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, கிண்டியில் அதே பல்கலைக்கழக வளாகத்திற்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். உயர்ந்த சுற்றுச்சுவரும் காவலர்களும் உள்ள இடம் அது. குற்றவாளி அந்த மாணவியை அச்சுறுத்தியிருந்தான். ஆயினும் மாணவி காவல் நிலையம் சென்று முறையிட்டார். 2025 ஜூன் 2ஆம் நாள் சென்னை மகளிர் நீதிமன்றம், குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டிய ஆயுள் தண்டனையை அவனுக்கு விதித்தது. அந்தப் பெண் வாய் திறந்திராவிட்டால் அவன் வெளியில்தான் திரிந்துகொண்டிருப்பான்.

பெற்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பெண்ணை வெளியூர் அனுப்பலாகாது என்ற முடிவை அன்று. தீங்கு செய்பவனுக்கு மிகப் பெரிய துணை, பிள்ளைக்குத் தன் வீட்டின்மேல் உள்ள அச்சம். “சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்” என்று அஞ்சும் பிள்ளை, எவன் பின்தொடர்ந்தாலும், எந்த வீட்டு உரிமையாளர் கதவைத் தட்டினாலும் வாய் திறக்காது. ஆகவே அறைச் சாவியைக் கையில் கொடுக்கும் நாளில் தாயும் தந்தையும் ஒரு வாக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: “எந்த நேரமானாலும் கூப்பிடு. ‘அங்கே ஏன் போனாய்’ என்று முதலில் கேட்கமாட்டோம். அறை சரியில்லை என்றால் முன்பணம் போனாலும் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம்.” அதன் பின்னரே 112, மகளிர் உதவி எண் 181, ‘காவல் உதவி’ செயலி ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து தருவது பயன் தரும். அந்த எண்களை அழைக்கும் துணிவு வீட்டில் கிடைத்த வாக்கிலிருந்து வருவது.

இவ்வாண்டு பிள்ளையை அனுப்பவிருக்கும் குடும்பங்கள் ஓர் இரவைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும். அறையைப் பகலில் பார்த்தபின் மாலையில் ஏதேனும் உண்டு, பிள்ளை திரும்பி வரப்போகும் நேரத்தில், அது இறங்கப்போகும் நிறுத்தத்தில் இறங்கி, அது நடக்கப்போகும் வழியில் அதனோடு சேர்ந்து நடக்க வேண்டும். அந்த நடையில் பிள்ளை முன்னே செல்லட்டும். பெற்றோர் பின்னே வரட்டும். எந்த இடத்தில் பிள்ளையின் நடை விரைகிறது என்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள். வாசற்படி வரை இயல்பாக நடக்கும் தெருவாயின், முன்பணத்தை அங்கேயே கொடுக்கலாம்.

பிள்ளைகள் நலமுடன் தங்கி, நன்கு கற்று, நல்லறம் பேணி வாழ்க.