எழுத்தும் குரலும் செல்லும் வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரவு உணவு முடிந்ததும் நம் காலனியில் வீட்டுக்கு வீடு ஊர்க்குரல் கேட்கிறது. திருநெல்வேலியிலுள்ள பாட்டி, பேரன் முகத்தைக் கைபேசியில் கண்டு மகிழ்கிறாள். அக்குரல் எவ்வழியே வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இணையத்தில் எழுத்தும் குரலும் சிறுசிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. ஆயினும் இரண்டின் தேவையும் வேறு. எழுத்துச் செய்தி சற்றுத் தாமதிக்கலாம், ஓரெழுத்தும் தொலையலாகாது. குரலோ சிறிது தொலைந்தாலும் கேடில்லை, தாமதித்தல் ஆகாது. ஒருவர் பேச்சு மற்றவர் செவிக்கு எட்ட 150 மில்லி வினாடிக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகையால் குரற்பொட்டலம் ஒன்று வழியில் தவறினால், பெரும்பாலும் அதற்காகக் காத்திராமல் அடுத்தது ஒலிக்கிறது. பாட்டியின் பேச்சில் இடையிடையே ஓரசை விழுங்கப்படுவது இதனாலேதான்.

இப்போக்குவரத்துக்கு அறிஞர் வகுத்த உடன்பாடுகளே நெறிமுறைகள். தொலைபேசித் துறையின் மரபையொட்டி 1996இல் எச்.323 தோன்றியது. 1999இல் வெளிவந்த எஸ்.ஐ.பி. அதனினும் எளியது. மணியடித்து அழைப்பதும், இணைப்பதும், முடிந்ததும் துண்டிப்பதும் அதன் தொழில். குரலைச் சுமப்பது ஆர்.டி.பி. என்னும் வேறொரு நெறி. எக்ஸ்.எம்.பி.பி. எழுத்துச் செய்திக்கென எழுந்து, 2004இல் தரநெறியாயிற்று. குரலும் காட்சியும் அதிற் பின்னர்ச் சேர்ந்தவை. 2011இல் கூகிள் வெளியிட்ட வெப்.ஆர்.டி.சி., உலாவியிலிருந்தே முகம்பார்த்துப் பேச வழிசெய்தது. ஆயின் பேசவேண்டிய இருவரை முதலில் சந்திக்க வைக்கும் வேலையை அது பிறர்க்கே விட்டுவிட்டது.

இவை யாவும் எவரும் கையாளத்தக்க பொது நெறிகள். எனினும் நெறி பொதுவாயிருந்தும் வாயில் அடைபட்டிருக்கக் கூடும். 2005இல் தோன்றிய கூகிள் டாக், எக்ஸ்.எம்.பி.பி.யைக் கைக்கொண்டு, பிற சேவையாரோடும் உறவாட இடந்தந்தது. 2013இல் வந்த ஹேங்அவுட்ஸில் அவ்வாயில் இல்லை. மின்னஞ்சலை எந்த நிறுவனத்தாரிடமிருந்தும் எந்த நிறுவனத்தார்க்கும் அனுப்பலாம். செய்திச் செயலிகளில் அவ்வுரிமை அரிது. பிறர் கேட்டால் பெரிய செய்திச் சேவைகள் வழிவிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டமியற்றியது.

இதனை இங்கு ஏன் உரைக்கிறோம்? சென்ற ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்தார். அச்செய்தியை நாம் ஒரே செயலியில் அறிவித்து அமைந்துவிட்டோம். அச்செயலி இல்லாத அவருடைய நெடுநாள் நண்பர், அடுத்த தெருவிலேயே இருந்தும், தகனம் முடிந்த பின்னரே அறிந்தார். அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே நம்மை இன்றும் வருத்துகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கத்தின் முகவரி ஏட்டை இவ்வாண்டே புதுப்பிப்போம். அறிவிப்பைச் செயலியில் இடுவதோடு மின்னஞ்சலிலும் அனுப்புவோம். இரண்டும் எட்டாத வீட்டுக்குத் தெருவுக்கொருவர் நேரிற் சென்று கதவைத் தட்டுவோம்.