கதவை மாற்றும் முன்னே ஒரு வார்த்தை
(பாகலூர் பகுதிக் குழுக் கூட்டத்தில் பேசியது)



இன்னிக்கு நாம் பேசப் போவது வரவு செலவு நோட்டைப் பற்றி இல்லை. நம்ம வீட்டுக் கதவைப் பற்றி. "இது ஒரு விஷயமா?" என்று நினைக்காதீங்க. நம்மில் பல பேர் ஓசூர் கம்பெனிக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிறோம். ஷிப்டு முடிந்து வரும்வரை பிள்ளைகளுக்குக் காவல் அந்தக் கதவுதான். குளியலறைக் கதவின் அடி இற்றுப்போய் ஓட்டை விழுந்துவிட்டால் வயசுக்கு வந்த பெண் நிம்மதியாகக் குளிக்க முடியுமா? அதனால் இது பாதுகாப்பு விஷயம், மான விஷயம்.

கதவு கெட்டதும் உடனே புதுக் கதவு என்று வட்டிக்கு வாங்க ஓடுகிறோம். எல்லாக் கதவும் மாற்ற வேண்டிய கதவு இல்லை. சின்னச் சேதம் என்றால் நாமே பட்டி வைத்து அடைக்கலாம்.

முதலில் ஏன் கெட்டது என்று பாருங்கள். மழைச் சாரலா, குளிக்கிற தண்ணீரா, கரையானா? சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான். மருந்து அடித்து அதை ஒழிக்காமல் பட்டி வைத்தால் காசுதான் வீண். மருந்து டப்பாவில் எழுதிய அளவை மீறக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து, கெட்ட இடத்தை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி உள்ளே போகாமல் தடுத்தால் நல்ல மரம். புசுக்கென்று இறங்கினால் மக்கிப்போன மரம். மக்கினதை எல்லாம் உளியால் சுரண்டி எடுங்கள். கொஞ்சம் விட்டாலும் அதன் மேல் பட்டி ஒட்டாது. பிறகு இரண்டு மூன்று நாள் நல்லாக் காய விடுங்கள். ஈர மரத்தில் பட்டி நிற்காது. ஆகவே மாசி, பங்குனி வெயில்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

என்ன வைத்து அடைப்பது? சிமெண்டும் சுவருக்குப் பூசுகிற பட்டியும் வேண்டாம். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அப்படி அசையாது. அதனால் விரிசல் விட்டுப் பெயர்ந்து விழும்.

உள் கதவில் ஆணி ஓட்டை, சின்ன வெடிப்பு என்றால் சலித்த மரத்தூளும் பெவிகாலும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து அடைக்கலாம். மரத்தூள் ஆசாரி பட்டறையிலேயே கிடைக்கும். ஆனால் சாதாரண பெவிகால் தண்ணீரில் இளகும். வெளிக் கதவுக்கும் குளியலறைக் கதவுக்கும் எம்சீல் மாதிரி இரண்டு உருண்டையாக வருவதை வாங்குங்கள். சம அளவு எடுத்து ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, இறுகும் முன்னே வைத்துவிட வேண்டும். கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள். பள்ளம் ஆழமானால் உள்ளே இரண்டு சின்ன ஆணியைப் பாதி அடித்து வையுங்கள். பட்டிக்குப் பிடிப்பு கிடைக்கும்.

மரத்தூள் பட்டி காயும்போது சுருங்கும். அதனால் கொஞ்சம் மேடாகவே வையுங்கள். ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பாமல் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக நிரப்புங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேயுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூள் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகவே பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே தேய்க்காதீங்க. கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கி, நனைத்துத் தேயுங்கள். முகத்தில் துணி கட்டுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலை செய்ய வேண்டாம். கழிவை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

கதவு நல்லாக் காய்ந்ததும் பிரைமர் ஒரு தடவை, பெயிண்ட் இரண்டு தடவை. கதவின் அடி விளிம்புக்கும் மறக்காமல் பெயிண்ட் அடியுங்கள். நிறைய வீட்டில் அந்த விளிம்பு வெறும் மரமாகவே இருக்கும். தண்ணீர் அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. கதவைக் கழற்றினால்தான் அதைச் சரியாக அடிக்க முடியும்.

கீல் ஸ்குரூ ஆடினால் அந்த ஓட்டையில் மூங்கில் சீவலைப் பெவிகாலில் தோய்த்து இறுக்கமாகச் செருகுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, திரும்ப ஸ்குரூ முடுக்கினால் பிடிக்கும்.

கடைசியாக முக்கியமான ஒன்று. பட்டி ஓட்டையை மூடும், பாரம் தாங்காது. தாழ்ப்பாள் இருக்கிற இடமும் கீல் மாட்டிய நிலையும் மக்கிப்போயிருந்தால், மேலே பட்டி பூசி மறைக்காதீங்க. பார்க்க நல்லா இருக்கும், ஒரு உதை விட்டால் திறந்துவிடும். ஒரு சாண் அளவுக்கு மேல் இற்ற கதவும் அப்படித்தான். அதற்கு ஆசாரியைக் கூப்பிட்டு, கெட்டதை அறுத்து நல்ல மரம் இணைக்க வேண்டும். அந்தச் செலவுக்குக் குழுவில் உட்கடன் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடன் மனுவில் "கதவு" என்றே எழுதுங்கள்.

ஒரு உளி, ஒரு பட்டித் தகடு, ஒரு ஸ்குரூ டிரைவர். குழுவுக்கு ஒரு செட் வாங்கி வைத்தால் எல்லா வீட்டுக்கும் சுற்றி வரும். அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் வீட்டுக் கதவை ஆணியால் குத்திப் பார்த்து வந்து சொல்லுங்கள். எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று அங்கே முடிவு செய்வோம். பெண் பிள்ளை தனியாக இருக்கிற வீடு முதலில்.