அண்ணனுக்கு மூன்று மாதம், தம்பிக்கு ஆறு மாதம்

 

இன்றைய பேச்சு வண்டிப் புகை பற்றியது. "எங்கள் வீட்டில் வண்டியே இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். வண்டி இல்லாதவருக்கும் மூக்கு இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரும், சாலையோரம் காய்கறி விற்பவரும் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். ஆகவே இது எல்லோருக்கும் உரிய பேச்சு.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

அண்ணன், தம்பி இருவர். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். அண்ணன் பிழைப்புக்காக டெல்லி போனவர். தம்பி ஊரிலேயே இருக்கிறார். இருவரிடமும் மோட்டார் சைக்கிள் உண்டு. இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. இரண்டும் 2014ஆம் ஆண்டு வாங்கியவை.

பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்தார். பேச்சு வாக்கில், "டெல்லி போனதும் வண்டிக்குப் புகைச் சான்று எடுக்கணும். தேதி முடியுது" என்றார்.

"போன தீபாவளிக்குத்தானே எடுத்தீங்க அண்ணே?" என்று கேட்டார் தம்பி.

"ஆமாம்ப்பா. அங்கே மூணு மாசம்தான் செல்லும்."

"எனக்கு ஆறு மாசம் கொடுக்கிறாங்களே! ஒரே வண்டி, ஒரே வருஷம். இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன்படி 1989இல் மத்திய அரசு விதிகளை வகுத்தது. புது வண்டிக்கு முதல் ஓராண்டு புகைச் சான்று தேவையில்லை. அதன் பிறகு எப்போதும் கையில் சான்று இருக்க வேண்டும். பழைய வகை வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம் செல்லும். 'பாரத் ஸ்டேஜ் 4' வகையும் அதற்குப் பின் வந்தவையும் ஓராண்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும். மின்சார வண்டிக்குப் புகை இல்லை. அதனால் சான்றும் தேவையில்லை.

பாரத் ஸ்டேஜ் என்றால் என்ன? ஒரு புது வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று அரசு வைத்த அளவு அது. எண் கூடக் கூட, விடக்கூடிய புகை குறையும். அண்ணன், தம்பி வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 3 வகை. ஊரில் இந்த வகைக்கு ஆறு மாதம். டெல்லியிலோ இதற்கு மூன்றே மாதம்.

டெல்லியில் மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? அங்கே வண்டிகள் மிக அதிகம். கடல் வெகு தூரம். கடற்காற்று வந்து புகையைத் தள்ளிக்கொண்டு போகாது. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும். பானைக்கு மூடி போட்டது போல் ஆகிவிடும். புகை மேலே போக வழி இல்லை. ஊரே அதைத் திரும்பத் திரும்ப மூச்சில் இழுக்கும்.

அதனால் டெல்லியின் காற்றுக்காக மக்கள் நீதிமன்றம் போனார்கள். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 1998இல் ஓர் ஆணை வந்தது. டெல்லி பஸ்கள் டீசலை விட்டு, அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் ஓட வேண்டும் என்றது நீதிமன்றம். 2002 முடிவதற்குள் பஸ்கள் அப்படியே மாறின.

2018 அக்டோபரில் இன்னோர் ஆணை வந்தது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்பது அது. 2025இல் இந்த விஷயம் மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆணையில் மாற்றங்கள் ஏற்பட்டன. ஆகவே டெல்லியில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுப்புரத்தில் இப்படி இல்லை. 15 ஆண்டு முடிந்தால் மோட்டார் சைக்கிளை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டலாம். வண்டி நல்ல நிலையில் இருந்தால் பதிவைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள்.

கொல்கத்தாவுக்கு வேறு கதை. அங்கே 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் பெருநகரத்தில் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது.

நகரத்துக்கு ஒரு விதி, கிராமத்துக்கு ஒரு விதி என்பது புதிய விஷயம் அல்ல. 2010ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் புதிய கார், லாரிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தது. மற்ற ஊர்களுக்கு பாரத் ஸ்டேஜ் 3தான். டீசலும் இரண்டு வகையாக இருந்தது. டீசலில் உள்ள கந்தகம் புகையைக் கெடுக்கும். நகரத்து டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு கந்தகம்தான் இருக்கலாம். மற்ற ஊர் டீசலில் 350 பங்கு வரை இருக்கலாம். அதாவது ஏழு மடங்கு!

கிராமத்துக் குழந்தைக்கு வேறு நுரையீரலா? இல்லை. நல்ல டீசல் தயாரிக்க எண்ணெய் ஆலைகளில் புதிய இயந்திரங்கள் வேண்டும். அதற்குப் பணமும் காலமும் தேவைப்பட்டன. முதலில் நகரங்களுக்குக் கிடைத்தது. கிராமங்கள் காத்திருந்தன.

இதில் நகரத்துக்கும் முழுப் பயன் இல்லை. வெளியூரில் வாங்கிய லாரி நகரத்துக்குள் வரத்தானே செய்யும்? புகைக்கு எல்லைச் சாவடி கிடையாது. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் ஒரே நாளில் வந்தது. இன்று புது வண்டிக்கு நகரம், கிராமம் என்ற வேறுபாடு இல்லை. டீசலில் கந்தகம் 10 பங்குதான் இருக்கலாம். ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைச் சோதிப்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது.

இனி அந்தக் குடும்பத்துக்கே வருவோம்.

தம்பியின் மனைவி எழுத்தறிவு மையத்தில் படித்தவர். அவர் தம்பியின் புகைச் சான்றை எடுத்து வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். சோதித்த தேதி போட்டிருந்தது. அவர் சற்று யோசித்தார்.

"ஏங்க, அன்னைக்கு வண்டி நம்ம வாசல்லதானே நின்னுச்சு? நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. பிறகு எந்த வண்டியைச் சோதிச்சாங்க?"

தம்பி தலையைச் சொறிந்தார். தெரிந்த ஒருவரிடம் பணம் கொடுத்து வரவழைத்த சான்று அது. வண்டி சோதனைக்குப் போகவே இல்லை.

"போலீஸ் கேட்டால் காட்டத்தானே புள்ள? அதுக்கு இது போதாதா?" என்றார்.

"போலீசுக்குக் காட்டலாம். நம்ம பாப்பாவுக்கு இதைக் காட்டினா இருமல் நின்னுடுமா?" என்று கேட்டார் மனைவி.

அவர்களின் ஐந்து வயது மகள் தினமும் அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறாள். வண்டியைக் கிளப்பும்போது பின்னால் நின்று கை காட்டுவது பாட்டி. இருவரும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

தம்பிக்கு வாய் அடைத்துவிட்டது. மறுநாளே அண்ணனும் தம்பியும் வண்டியோடு புகைப் பரிசோதனை மையத்துக்குப் போனார்கள். அங்கே வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார்கள். நின்ற நிலையில் இன்ஜின் ஓட, சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பிக் குழாயை விட்டார்கள். கார்பன் மோனாக்சைடு 4.6 சதவீதம் என்று காட்டியது. இந்த வகை வண்டிக்கு 3.5 சதவீதம் வரைதான் அனுமதி. வண்டி தேறவில்லை.

கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் இல்லை. மூச்சில் போனால் ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். மூடிய இடத்தில் அளவு மிஞ்சினால் உயிரே போகும். டீசல் புகையும் லேசானது அல்ல. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது.

மெக்கானிக் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தார். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைச் சரி செய்தார். மறுபடி சோதித்தபோது 2.1 சதவீதம் வந்தது. இப்போது கிடைத்தது உண்மையான சான்று. பெட்ரோல் செலவும் குறைந்தது என்கிறார் தம்பி.

நண்பர்களே, இந்தக் கதையிலிருந்து மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு.

சான்றை வாங்கியதும் நீங்களே படியுங்கள். வண்டி எண் சரியா? சோதித்த தேதி சரியா? எந்தத் தேதி வரை செல்லும்? அனுமதித்த அளவு எவ்வளவு, உங்கள் வண்டியின் அளவு எவ்வளவு? இந்த நான்கையும் பாருங்கள். 2021 முதல் நாடு முழுவதும் சான்று ஒரே மாதிரிப் படிவத்தில் வர வேண்டும் என்பது விதி. வண்டி தேறாவிட்டால் அதற்கும் ஒரு சீட்டுத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்று, தேதி முடியும் வரை இந்தியா முழுவதும் செல்லும். வெளி மாநிலம் போனால் இதை மறக்காதீர்கள். ஆனால் வண்டி அதிகமாகப் புகைத்தால், சான்று இருந்தாலும் சப் இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

அபராதமும் இடத்துக்கு இடம் வேறுபடும். 2019இல் திருத்திய சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொள்ள எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தந்த மாநில அரசு முடிவு செய்யலாம்.

பழைய வண்டி வாங்கும்போது கவனம் வேண்டும். பெருநகரத்தில் ஓட முடியாத வண்டி சிற்றூருக்கு மலிவாக வரும். விலையை மட்டும் பார்க்காதீர்கள். சோதனை மையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கரும்புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

பொங்கல் முடிந்து அண்ணன் டெல்லிக்குக் கிளம்பினார். வழியனுப்ப வந்த தம்பி சொன்னார்: "அண்ணே, எனக்கு ஆறு மாசம்னு சட்டம் சொல்லுது. நானும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிடறேன். பாப்பா பின்னால உட்கார்ந்து வர்றாளே."

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்ய யாருக்கும் தடை இல்லை. உங்கள் வீட்டில் வண்டி இருந்தால், இன்று இரவே அதன் புகைச் சான்றை எடுத்துப் படித்துப் பாருங்கள்.