மணமகன் இல்லாமல் முடித்த கொண்டை

ஒரு பெண் தன் கூந்தலை எப்படி வாரி முடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவளைச் சூழ்ந்த சமூகமே முடிவு செய்து வந்துள்ளது. அந்த முடிவைத் தம் கையில் எடுத்துக்கொண்ட பெண்கள் சிங்கப்பூரின் சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு வரும் தமிழர்கள் நன்கறிந்த தெருக்களின் மாடியறைகளில், வாழ்ந்தார்கள். 'மா ஜே' எனப்பட்ட இந்தக் கண்டோனிய வீட்டுப் பணிப்பெண்களை, சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலை செய்த சம்சுய் பெண்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு; இரண்டும் வேறு வேறு கூட்டம்.

தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில், முத்தாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய சுண்டே வட்டாரம் பட்டுக்குப் பேர்போனது. அங்கே கன்னிப்பெண் சடை பின்னிக்கொள்வாள். திருமணத்தின்போதுதான் அந்தச் சடையை அவிழ்த்துக் கொண்டையாக முடித்துவிடுவார்கள். பட்டாலைக் கூலியால் சொந்தக் காலில் நிற்க முடிந்த பெண்களில் சிலர், மாமியார் வீட்டு வாழ்வே வேண்டாமென்று உறுதி பூண்டு, மணமகன் இல்லாமலே அந்தச் சடங்கை நடத்திக்கொண்டனர். 'சோர் ஹேய்' எனப்படும் இந்தத் தலைவாரும் சடங்கு நல்ல நாள் பார்த்து, தெய்வத்தின் முன், பெரும்பாலும் கருணைத் தெய்வமான குவான் யின் முன், தோழியரும் மூத்த பெண்களும் சூழ நடந்தது. கொண்டை ஏறியபின் சபதத்தை மீறுவது பெரும் இழுக்காகக் கருதப்பட்டது. ஆனால் இதை முழு விடுதலையாகப் புகழ்வதும் சரியன்று. இவர்களில் பலருடைய சம்பளத்தின் பெரும்பகுதி ஊரிலிருந்த சகோதரர் குடும்பங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டின் விலை சரிந்து ஆலைகள் மூடப்பட்டதும், அவர்களில் பலர் வீட்டு வேலை தேடி ஹாங்காங், மலாயா, சிங்கப்பூர் என்று கப்பலேறினர். சிங்கப்பூரில் 1933ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் ஆண் தொழிலாளரின் வரவைக் கட்டுப்படுத்தியபோதும், 1938 வரை பெண்களுக்கு அந்தத் தடை இல்லாதது அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்த மா ஜேயின் அடையாளம், ஒரு மயிரும் பிசிறாமல் இறுக்கி முடித்த அந்தக் கொண்டையே. சீகைக்காயும் நல்லெண்ணெயும் அறிந்த நேயர்கள் இதைக் கவனிக்கலாம்: மெல்லிய மரச்சீவல்களை நீரில் ஊறவைத்தால் கொழகொழப்பான ஒரு நீர் கிடைக்கும், அதைத் தொட்டுத் தடவிப் படிய வாரினால் கூந்தல் பளபளப்பதோடு நாள் முழுதும் கலையாமலும் நிற்கும். தலைவாரி விடுவதையே தொழிலாகக் கொண்ட மூதாட்டியரும் அந்நாளில் இருந்தனர். பலர் காசு சேர்த்து வாடகைக்கு எடுத்த பொது அறையே விடுமுறைக்கும், வேலை போன காலத்துக்கும், முதுமைக்கும் அவர்களுக்கு வீடு. பிள்ளை இல்லாதவளின் ஈமக்கடனையும் அந்த அறையில் உடன் தங்கிய சகோதரியரே செய்தனர். ஆக, கொண்டை தனியொருத்தியின் தலையில் இருந்தாலும், அதைத் தாங்கி நின்றது அந்த அறைதான்.

கூந்தலைத் தம் முடிவாக்கிக்கொண்ட அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறும் இதற்குத் தொலைவானதன்று. 1786இல் ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவில், அடிமைகளல்லாத கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூடவேண்டுமென ஆணையிடப்பட்டபோது, அவர்கள் அந்தத் துணியையே வண்ணமும் மணியுமாக அலங்காரமாக்கினர். 1960களில் சுருள்முடியை நீட்டி நேராக்காமல் இயல்பாக விடும் ஆஃப்ரோ அரசியல் முழக்கமாயிற்று. 2019இல் கலிபோர்னியா, இயல்பான முடியைக் காரணங்காட்டிப் பணியிடத்திலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக்கும் முடியில் ஒரு பகுதி ஏலம்போய், ஒட்டுமுடியாக இதே கறுப்பினப் பெண்களின் தலையைச் சென்றடைவது இக்கதையில் நம் பங்கு. முடியை நேராக்க மணிக்கணக்கில் உட்கார்ந்த அழகுநிலையங்கள் பேச்சுக்கும் உறவுக்கும் இடமாயிருந்தன. இயல்பான முடிக்குத் திரும்பியோரில் பலர் வீட்டிலேயே பராமரிக்கக் கற்றபோது, அந்தக் கூடுகையும் இடம் மாறியது.

மா ஜேக்களின் கூட்டத்துக்கோ வாரிசு வரவில்லை. 1979இல் சிங்கப்பூரில் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுப் பணியைப் போல, லிட்டில் இந்தியாவின் பாட்டிமாரிடமும் யார் தலைவாரி விட்டார்கள், என்ன தடவினார்கள், எந்த வயதில் சடை கொண்டையாயிற்று என்று அவரவர் வீட்டிலேயே யாரேனும் கேட்டு வைப்பார்கள் என்று நம்பலாம்.